கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பது நம்மவர் வாயிலே பயிலும் பழமொழி. தாயின் கண்டிப்பினால் பிள்ளைக்குத் தீங்கு வாராது என்பது அதன் கருத்து. தர்மபுரத்திலே வகுப்பு மாணவர்க்கு ஒருநாள் இதனை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“ஐயா, எங்கட வீட்டில இருபது குஞ்சு நிக்குது. மிதிக்கிறதுக்குத் தாய்க்கோழி இல்லையே?” என்றான்.

வகுப்பு நகைத்தது, யானும் நகைத்தேன். ஆயினும் அவ்வினா வீடுவரை என்னைத் தொடர்ந்து வந்தது. அவன் வீட்டுக் குஞ்சுகள் இயந்திரத்திற் பொரித்தவை. அட்டைப் பெட்டியில் வந்து, மின்குமிழின் சூட்டில் வளர்பவை. பெட்டைக் கோழிக்கு ‘அளகு’ என்னும் பெயரைத் தொல்காப்பிய மரபியல் உரிமையாக்குகிறது. பறவையின் இளமைக்குப் ‘பார்ப்பு’, ‘பிள்ளை’ என இரு பெயர்களைத் தருகிறது. அளகைக் காணாத பார்ப்புக்கு அந்நூலிற் பெயரில்லை. அப்படி ஒன்று உண்டாகுமென அந்நாளில் யார் நினைத்திருப்பார்?

தாயில்லாக் குஞ்சு எதனை இழக்கிறது? சூட்டை மின்குமிழ் தருகிறது. தீனியை மனிதன் தருகிறான். ஆனால் தாய் தருவது வேறொன்றும் உண்டு. அடைகிடந்த இடத்திலும் கிளறிய மண்ணிலும் அவளுடைய எச்சம் கலந்திருக்கிறது. அதனைக் கொத்தும் குஞ்சின் வெறுங்குடலிலே தாயின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. நாம் அழுக்கென்று கருதுவது குஞ்சுக்குத் தாய்வழிச் சீதனமாகிறது.

இவ்வுண்மையை ஆராய்ச்சியால் நாட்டியவர்கள் பின்லாந்து நாட்டு அறிஞர்களான நூர்மி, ரன்டலா என்போர். அந்நாட்டு இறைச்சிக் கோழிகளிடையே சல்மொனெல்லா என்னும் கிருமி பரவிய காலத்தில், நோயற்ற வளர்ந்த கோழிகளின் குடற்பொருளை எடுத்து, அன்று பொரித்த குஞ்சுகளுக்கு ஊட்டினர். பின்பு கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோது, ஊட்டப்பெற்ற குஞ்சுகள் அதனைப் பெரிதும் எதிர்த்து நின்றன. 1973இல் ‘நேச்சர்’ இதழில் இம்முடிவு வெளியாயிற்று. இதன் இயல்பு எளிது. நல்லுயிர்கள் குடற்சுவரில் முன்னரே இடம்பிடித்து, உணவையும் பங்கிட்டு, சில அமிலங்களையும் சுரந்துவிட்டால், பின்வரும் பகைக்கு இருக்கையில்லை. ஒழிந்த வீட்டிலே திருடன் புகுவான். ஆள் நிறைந்த வீட்டிலே புகுதல் அரிது.

சல்மொனெல்லா என்னும் பெயர் டானியல் சல்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரால் வந்தது. 1885இல் அவ்வினத்தைக் கண்டறிந்தவர் அவருக்குக் கீழ்ப் பணிசெய்த தியோபால்ட் சிமித். இக்கிருமி பலவேளைகளிற் கோழியை நோயுறச் செய்யாமலே அதன் குடலிற் கரந்து வாழும். மனிதர்க்கோ காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் தரும். குழந்தை, முதியோர், கருவுற்ற மகளிர் ஆகியோரை மிகுதியாக வருத்தும். எச்சம் பட்ட ஓட்டின் நுண்துளை வழியே முட்டைக்குட் புகுவதோடு அமையாது, இதன் ஒருவகை கோழியின் சூலகத்திலே தங்கி, ஓடு உருவாகுமுன்னரே கருவின் பக்கம் சேர்ந்துவிடும். வெளியே பளிங்குபோன்ற முட்டை, உள்ளே பகை.

இதனை அடக்கப் பல வழிகள் முயலப்பட்டன. நோயெதிர் மருந்துகளைத் தீனியோடு கலந்தவர் பலர். அம்மருந்து பகையோடு நட்பையும் கொல்கிறது; அதற்கு அஞ்சாத கிருமிகளையும் பெருக்குகிறது. ஆதலால், வளர்ச்சிக்காக அவற்றைத் தீனியிற் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றாகத் தடைசெய்தது. கொலிஸ்டின் என்ற மருந்தை உணவு விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடுத்தது. பிரித்தானியாவிலோ 1988இல் முட்டைக் கிருமி பற்றிய பேச்சு ஓர் இளநிலை அமைச்சரின் பதவியையே பறித்தது. பின்பு 1990களின் பிற்பகுதியிலிருந்து கோழிகளுக்குத் தடுப்பூசி இட்டுப் பண்ணைகளையும் செம்மைசெய்தனர். நோய் வெகுவாகக் குறைந்தது.

நல்லுயிர் ஊட்டுதலும் சஞ்சீவியன்று. கிருமி முந்திக்கொண்டால் அதன் பயன் குறையும். தூய தீனி, தூய நீர், நோயற்ற தாய்க்கூட்டம், தடுப்பூசி ஆகியவை கூடினாலே காவல் நிறைவாகும். ஊர்க்கோழி முட்டையாயின் அச்சமில்லை என்பதும் பிழை. முற்றத்துக் கோழியும் கிருமியைச் சுமக்கலாம்.

இதனை யான் ஏட்டளவில் அறிந்திருந்த காலத்தில் என் தமக்கையின் பேர்த்தி பூப்பெய்தினாள். விடியற்காலையிலே தமக்கையார் குவளையிற் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, நல்லெண்ணெய்ப் போத்தலோடு நின்றார்.

“அக்கா, எண்ணெய் இருக்கட்டும். முட்டையை மட்டும் வடிவாய்ப் பொரிச்சுக் குடுங்கோ” என்றேன்.

“நாங்கள் எல்லாம் இதைக் குடிச்சுத்தானே வளர்ந்தனாங்கள், தம்பி?” என்றார்.

குடித்து வளர்ந்தோரை நாம் காண்கிறோம். குடித்து வருந்தியவரை எவரும் கணக்கிடவில்லை என்றேன். வெந்த முட்டையின் புரதமே உடலிற் கூடுதலாகச் சேரும் என்பதையும் கூறினேன். சற்றுநேரம் பேசாது நின்றவர், தாச்சியை அடுப்பில் வைத்தார். மரபு அழியவில்லை, முட்டையும் எண்ணெயும் சேர்ந்தே அப்பிள்ளைக்குக் கிடைத்தன. அடுப்பு மட்டும் இடையிலே வந்தது.

இல்லத்தார் செய்யவேண்டியவை சில. வெடித்த முட்டையை வாங்காதீர்கள். முட்டையைத் தண்ணீரில் கழுவி வைத்தால் ஓட்டின் மேலுள்ள இயற்கைக் காப்பு நீங்கி, கிருமி உட்புக வழியுண்டாகும். மஞ்சட்கரு இறுகும்வரை வேகவையுங்கள். பச்சை இறைச்சியைக் குழாயின் கீழ்க் கழுவுவதால் கிருமி தெறித்துப் பிற பண்டங்களிற் படியும். அடுப்பின் வெப்பமே அதனைத் தூய்மையாக்கும். கையையும் கத்தியையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

மறுநாள் அம்மாணவனிடம், “தம்பி, தாய்க்கோழி இல்லாவிடில் அவள் வேலையை நாங்கள்தான் செய்யவேண்டும்” என்றேன். குஞ்சுப் பெட்டியின் உமியை அடிக்கடி மாற்றுவதாயும், குஞ்சைத் தொட்டபின் கைகழுவுவதாயும் சொன்னான். தங்கை குஞ்சுகளை முத்தமிடுகிறாள், அதனையும் நிறுத்தவேண்டுமா என்று கேட்டான்.

ஆம் என்றேன். மிதியாத தாயாக நாம் இருத்தல் ஆகாது.