தோசைக்கல்லும் தேக்கு மேசையும்

புது இரும்புத் தோசைக்கல்லில் முதல் தோசை ஒழுங்காக வராது. எண்ணெய் தடவி, காயவைத்து, துடைத்து, மறுபடி தடவிப் பழக்கினால்தான் கல் கறுத்து வழவழப்பாகும். அந்தக் கறுப்பு வெறும் பிசுக்கு இல்லை. சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய படலம் அது. பழைய தேக்குச் சாப்பாட்டு மேசைக்கு எண்ணெய் ஏற்றும்போதும் இதுவேதான் நடக்கிறது. அடுப்பின் வேலையை அங்கே காற்று செய்கிறது.

முதலில் பழைய பூச்சு போகவேண்டும். மேசைக்கு அடியில் ஒரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டும் பழந்துணியும் போதும். அசையவில்லையென்றால் உப்புத்தாள்தான்: 120, 180, 220 என்று, மர ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே விழுந்த கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும்.

டம்ளர் வைத்த வெள்ளை வட்டம் பூச்சுக்குள் புகுந்த ஈரம், பூச்சோடு போய்விடும். கறுப்பு வட்டம் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்த கறை. தேய்த்தால் பள்ளம்தான் விழும். கையுறை போட்டு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவிக் கழுவவேண்டும்.

இனி எண்ணெய். தேங்காயெண்ணெய் எத்தனை நாளானாலும் இறுகாது. காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துப் பிணைய அதில் இடமே குறைவு. ஆளிவிதை எண்ணெயில் அது நிறைய உண்டு. அதனால்தான் இறுகும்போது அதன் எடைகூடக் கூடுகிறது. பச்சை எண்ணெய் வாரக்கணக்கில் இழுக்கும். பெயின்ட் கடையில் 'டபுள் பாயில்டு' என்று கேளுங்கள்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் பூசுமுன் தின்னரால் துடைப்பது நல்லது. பிறகு துணியால் மெலிசாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை அழுத்தித் துடைத்துவிடுங்கள். கல்லில் எண்ணெயைக் கொட்டினால் பிசின்போல ஒட்டுமே, மேசையும் அப்படித்தான்: மேல்பக்கம் ஆடை கட்டிவிட, காற்று உள்ளே போகாது. ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சு. மூன்று, நான்கு பூச்சில் மரத்தின் நிறம் ஆழமாகும்.

துடைத்த துணியை மட்டும் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். மேசையில் அது காற்றோடு போய்விடும். துணிச் சுருளுக்குள் தேங்கி, தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை கொதிக்கும் குழம்புச் சட்டியை மேசைமேல் நேராக வைக்கவேண்டாம்.