சிதறிய செய்திகளும் தொடுத்த கதையும்
‘தல்வார்’ திரைப்படமும் ஒரு கொலை வழக்கும்

அம்பாறை மாவட்டக் கரையோரத்திலே காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிலுள்ள கண்ணகையம்மன் கோயில்களில் வைகாசித் திங்களிற் கதவு திறக்கப்பட்டுச் சடங்கு தொடங்கும். திருக்குளிர்த்தி நிறைவுறும்வரை ஆங்கே ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படும். தவறாக விதிக்கப்பட்ட கொலைத்தண்டனை ஒன்றினைத் தவறென மெய்ப்பிக்கும் வழக்கே அக்காவியத்தின் உயிர் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாண்டியன் கொடியவன் அல்லன். அரசியின் சிலம்பு காணாமற் போயிருந்தது. அயலூரான் ஒருவன் கையில் அதனையொத்த சிலம்பு இருந்தது. இவ்விரண்டினையும் இணைத்துப் பொற்கொல்லன் சொன்ன கதை பொருந்தி நின்றது. கதை பொருந்தியதால் அதுவே உண்மை என அரசன் கொண்டான். சிலம்பை உடைத்து உள்ளிருப்பது முத்தோ மாணிக்கமோ எனப் பார்க்கும் எண்ணம் அவனுக்கு எழவில்லை.

கதையின் பொருத்தம் வேறு, உண்மையின் உறுதி வேறு என்பதே இவ்வழக்கு நமக்குத் தரும் பாடம். அப்பாடத்தை நம் காலத்து நிகழ்ச்சியொன்றைக் கொண்டு மீண்டும் உணர்த்துவது, 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் இந்தியாவில் வெளிவந்த ‘தல்வார்’ என்னும் இந்தித் திரைப்படமாகும். அதன் சிறப்பினை அறிவதற்கு, அது எந்த வழக்கிலிருந்து பிறந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

டில்லியை அடுத்த நொய்டா நகரில் ராஜேஷ் தல்வார், நூபுர் தல்வார் என்னும் பல் மருத்துவத் தம்பதியர் வாழ்ந்தனர். 2008ஆம் ஆண்டு மே 16ஆம் நாட் காலை, அவர்தம் ஒரே மகளாகிய ஆருஷி தன் படுக்கையிற் கொலையுண்டு கிடக்கக் காணப்பட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது நிரம்பச் சில நாட்களே இருந்தன. வீட்டு வேலையாளாகிய ஹேம்ராஜ் காணப்படாமையால், கொலையாளி அவரே எனப் பொலிஸார் கருதினர். மறுநாள் அதே வீட்டின் மொட்டைமாடியில் ஹேம்ராஜின் உடலும் கிடந்தது. கொலைகாரன் எனத் தேடப்பட்டவர் கொலையுண்டவராயினார்! மாடிக் கதவைத் திறந்து பார்க்காமலே எழுந்த முதற்கதை ஒரே நாளிற் சரிந்தது.

அதற்குள் வேறொரு கேடும் நிகழ்ந்துவிட்டது. அயலாரும் செய்தியாளரும் அவ்வீட்டினுள் தடையின்றி நடமாடினமையால் தடயங்கள் பல அழிந்தன. அவற்றின் இடத்தை ஊகங்கள் நிரப்பின. மே 23ஆம் நாள் தந்தை கைது செய்யப்பட்டார். உயர் பொலிஸ் அதிகாரி ஒருவர் செய்தியாளர் கூட்டத்தில், இறந்த சிறுமியின் ஒழுக்கத்திற்கே மாசு கற்பித்துக் கொலைக்குக் காரணம் கூறினார். தாய் தொலைக்காட்சியிற் போதிய கண்ணீர் விடவில்லை என்பதும் பொதுமக்கள் பேச்சில் ஒரு குற்றச்சான்றாயிற்று.

பின்னர் வழக்கினை ஏற்ற மத்திய புலனாய்வுப் பணியகத்தின் முதற்குழு, தந்தைக்கெதிராகச் சான்றில்லை என்றது. அவர் ஜூலையில் விடுவிக்கப்பட்டார். அக்குழு வேலையாட்கள் மூவரை ஐயுற்றுக் கைது செய்தது. அவர்களும் சான்றின்மையால் வெளிவந்தனர். 2009இல் அமைந்த இரண்டாங்குழு மீண்டும் பெற்றோர் பக்கம் திரும்பியது. எனினும் வழக்குத் தொடரச் சான்று போதாது எனக் கூறி, 2010ஆம் ஆண்டு டிசம்பரில் வழக்கை முடித்துவிட வேண்டியது. நீதிமன்றம் அதனை ஏற்காது பெற்றோர் இருவரையும் எதிரிகளாக அழைத்தது. 2013ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் காசியாபாத் சிறப்பு நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளெனத் தீர்த்து, மறுநாள் ஆயுட்டண்டனை விதித்தது. போதாது எனப் புலனாய்ந்தோரே கூறிய சான்று, தண்டிப்பதற்குப் போதுமாயிற்று!

இஃது எவ்வாறு இயன்றது? வீட்டினுள் இருந்தோர் நால்வர், இருவர் இறந்தனர், எனவே கொன்றவர் எஞ்சிய இருவரே என்பது வழக்குத்தொடுநர் வாதம். அன்றிரவு நடந்ததை எதிரிகளே விளக்கல் வேண்டும் எனக் கூறுதற்கு, அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு துணையாகக் கொள்ளப்பட்டது. ஒரு செய்தி ஒருவருக்கே சிறப்பாகத் தெரிந்ததாயின் அதனை எண்பிக்கும் பொறுப்பு அவரைச் சாரும் என்பது அப்பிரிவின் கருத்து.

நம் நாட்டு 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே இலக்கத்தில் அதே பிரிவு உண்டு. அதன் எல்லை யாது என்பதும் இலங்கை வழக்குகளின் வாயிலாகவே தெளிவாயிற்று. கொழும்பில் 1933இல் நிகழ்ந்த மனைவியின் மரணம் தொடர்பாக, குளோரபோம் கொடுத்துக் கொன்றார் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஸ்டீபன் செனவிரத்ன என்பவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். 1936இல் இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பினை நீக்கி அவரை விடுவித்தது. தாம் குற்றம் செய்யவில்லை என்பதை எதிரியே எண்பிக்கவேண்டும் என 106ஆம் பிரிவுக்குப் பொருள்கொள்ளல் ஆகாது என்பது அக்கழகத்தின் நிலை. அதே ஆண்டில் அத்திகல வழக்கிலும் இந்நெறியே வலியுறுத்தப்பட்டது. இந்திய நீதிமன்றங்களும் பிற்காலத்தில் அதனை மேற்கோளாகக் கொண்டன. சுருங்கக் கூறின், வழக்குத்தொடுநர் தம் சுமையை முதலில் இறக்கிய பின்னரே எதிரியின் வாயை நோக்குதல் தகும். வீட்டில் இருந்தமை ஒன்றே கொலை செய்தமை ஆகாது.

இனித் திரைப்படத்தினை நோக்குவோம். கவிஞர் குல்சாரின் மகளாகிய மேக்னா குல்சார் இதனை இயக்கினார். திரைக்கதை எழுதியவர் விஷால் பாரத்வாஜ். தழுவல் திரைக்கதைக்கான இந்திய தேசிய விருது இதற்குக் கிடைத்தது. பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன, பெற்றோர் தண்டன் எனப் பெயர்பெறுகின்றனர், மத்திய புலனாய்வுப் பணியகமும் வேறு பெயரில் வருகின்றது. கொங்கணா சென் சர்மா, நீரஜ் காபி ஆகியோர் பெற்றோராகவும், காலஞ்சென்ற இர்பான் கான் புலனாய்வாளராகவும் நடித்துள்ளனர். வாள் எனப் பொருள்படும் தலைப்பு, உண்மை வழக்கினரின் குடிப்பெயரையும் நீதிதேவதை கையிலுள்ள வாளினையும் ஒருங்கே நினைவூட்டுவது.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1950இல் ஆக்கிய ‘ரஷோமோன்’ படத்தில் ஒரே நிகழ்ச்சி பலர் வாய்மொழியாற் பலவாறு காட்டப்படும். ‘தல்வார்’ அம்முறையினைப் பின்பற்றியது. பொலிஸார் கொண்ட கதை, முதற்குழு கொண்ட கதை, இரண்டாங்குழு கொண்ட கதை என அவ்விரவு மீண்டும் மீண்டும் நடித்துக் காட்டப்படுகின்றது. அதே வீடு, அதே அறை, அதே முகங்கள். ஆயினும் ஒரு கதையிற் கொடியோராகத் தோன்றும் பெற்றோர் மற்றொன்றில் மகளை இழந்து மயங்கும் ஏழை உள்ளத்தினராகத் தோன்றுகின்றனர். ஒவ்வொரு முறையும் காண்போர் அதனை நம்பிவிடுகின்றனர். பிறகே தம் நம்பிக்கையை எண்ணி நாணுகின்றனர். படத்தின் இறுதியில் இரு குழுவினரும் ஒரே மேசையைச் சூழ்ந்திருந்து வாதிடும் காட்சி, சான்று ஒன்றாயிருக்கக் கதை இரண்டாவதைத் தெளிவாகக் காட்டுகின்றது.

படம் வெளிவந்தபோது பெற்றோர் இருவரும் சிறையில் இருந்தனர். 2017ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. படம் அவர்களை விடுவிக்கவில்லை. ஏடுகளிலிருந்த சான்றே விடுவித்தது. எடுத்துக்காட்டாகத் தலையணையுறை ஒன்றைக் கூறலாம். அயலிலிருந்த வேலையாள் ஒருவரின் அறையிற் கைப்பற்றப்பட்ட உறையில் ஹேம்ராஜின் மரபணு இருந்ததாக ஹைதராபாத் ஆய்வுகூடத்தின் 2008ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அது தட்டச்சுப் பிழை எனவும், அவ்வுறை உண்மையில் ஹேம்ராஜின் அறையிலிருந்து எடுக்கப்பட்டது எனவும் 2011இல் விளக்கம் பெறப்பட்டது. இவ்விளக்கத்தை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வெளியார் எவரும் அவ்வீட்டினுட் புகுந்திருக்க இயலாது என்பதும் எண்பிக்கப்படவில்லை என அது கண்டது. சூழ்நிலைச் சான்றின் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி இல்லை. இரு முடிபுகளுக்கு இடமுண்டாயின் எதிரிக்குச் சார்பானதே கொள்ளத்தக்கது.

அத்தீர்ப்பில் வேறொரு கருத்தும் உளது. கீழ் நீதிமன்ற நீதிபதி கணக்காசிரியர் போலவும், திரைப்பட இயக்குநர் போலவும் நடந்துகொண்டார் என நீதியரசர் ஒருவர் கண்டித்தெழுதினார். சிதறிக் கிடந்த செய்திகளைத் தம் விருப்பப்படி கோத்து ஒருமை காட்ட முயன்றார் என்பது அக்கண்டனம். என்னே முரண்! கதை தொடுப்பதையே தொழிலாகக் கொண்ட இயக்குநர், செய்திகளைச் சிதறியவாறே மக்கள்முன் வைத்தார். சான்றினை நிறுப்பதையே தொழிலாகக் கொண்ட நீதிபதியோ அவற்றைக் கதையாகத் தொடுத்தார்.

ஆயினும் படம் குறையற்றது எனக் கூறுதல் நேர்மையன்று. மூன்று கதைகளையும் அது காட்டினும், அதன் நெஞ்சம் பெற்றோர் பக்கமே சாய்கின்றது. அச்சாய்வின் மறுபுறத்தே ஐயத்தின் நிழல் வேலையாட்கள் மீது விழுகின்றது. அவர்கள்மீது எந்த நீதிமன்றமும் குற்றம் காணவில்லை. பெற்றோருக்கு வேண்டிய அதே ஐயத்தின் பயன் ஏழைகளுக்கும் உரியதன்றோ? இன்னும், கொலையுண்டோர் இருவராயிருக்க ஊரார் பேச்சில் ஒரு பெயரே நிலைத்தது. ஹேம்ராஜ் தொலைவிலிருந்த குடும்பத்திற்காக உழைத்தவர். முதல் நாளிற் கொலைகாரன் என்றும் பின்னர் இழிசெயலுடையான் என்றும் தூற்றப்பட்டவர். அவருக்காக எவரும் படம் எடுக்கவில்லை. விடுதலைத் தீர்ப்பினை எதிர்த்து 2018இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடும் செய்யப்பட்டது. கொன்றவர் யார் என எந்தத் தீர்ப்பும் நிறுவவில்லை.

இவ்வகைப் படங்களின் பயனை அளத்தற்கு இங்கிலாந்து வழக்கொன்றும் உதவும். மகளைக் கொன்றதாகத் தீர்க்கப்பட்ட திமொதி எவன்ஸ் 1950இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வழக்கிற் சாட்சி கூறிய கிறிஸ்டி என்பவரே பல பெண்களைக் கொன்றவர் என 1953இல் வெளிப்பட்டது. எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. 1971இல் அவ்வரலாறு படமாயிற்று. மன்னிப்பும் படமும் அம்மனிதரின் காதுக்கு எட்டவில்லை. ‘தல்வார்’ காட்டும் வழக்கில் விதிக்கப்பட்டது ஆயுட்டண்டனையாதலின், தவறினைத் திருத்த மேல் நீதிமன்றத்திற்கு ஆட்கள் உயிரோடிருந்தனர். இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

குற்றவாளி பதின்மர் தப்பினும் நிரபராதி ஒருவன் துன்புறலாகாது என்றார் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன். தண்டிப்பதில் தவறுவதினும் மன்னிப்பதில் தவறுவது மேல் என்னும் கருத்துடைய நபிமொழி நம் கரையோர முஸ்லிம் மக்களிடையே போற்றப்படுவது. மதுரை மன்னனோ தன் தவறு கண்டதும் தன்னுயிரையே ஈந்தான். நெறிகள் மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன.

இக்காலத்தில் அரியணையில் இருப்பவன் அரசன் மட்டும் அல்லன். செய்தித்தாள் படிப்போரும், தேநீர்க்கடையில் இருந்து பேசுவோரும் நாடோறும் தீர்ப்பு வழங்குகின்றனர். ஒரு கதை மிகவும் அழகாகப் பொருந்தும்போதே, சிலம்பை உடைத்துப் பரலைப் பார்த்தோமா என்று கேட்டல் வேண்டும். வைகாசியில் வழக்குரை கேட்டுத் திரும்பும் ஊராருக்கு இதனைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை, நினைவூட்டினாற் போதும்.