பிள்ளைக்குக் கைபேசி: எந்த வயதில்?

(வானொலி மறையுரை. நற்செய்திப் பகுதி: லூக்கா 2:41-52)



இயேசுவின் சிறுவயதுக்கும் அவரது பணிவாழ்வுக்கும் இடையே நற்செய்தி நமக்குச் சொல்வது ஒரே ஒரு நிகழ்ச்சிதான். அப்போது அவருக்கு வயது 12. பாஸ்கா விழா முடிந்து எல்லாரும் ஊர் திரும்புகிறார்கள். பிள்ளை பயணிகள் கூட்டத்தில்தான் இருப்பான் என்று எண்ணி, மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் நடந்துவிடுகிறார்கள். பிறகு உறவினரிடமும் தெரிந்தவர்களிடமும் தேடுகிறார்கள். எருசலேமுக்கே திரும்பிப் போய், மூன்று நாளுக்குப் பின் கோவிலில் கண்டுபிடிக்கிறார்கள்.

"கூட்டத்தில்தான் இருப்பான்" என்று அவர்கள் எண்ணியதுபோல, இன்று நாம் "வீட்டில்தான் இருக்கிறான்" என்று எண்ணுகிறோம். பிள்ளை நம் கண்முன்னே பாயில் படுத்திருக்கிறான். கையில் கைபேசி. ஆனால் அவன் எந்தக் கூட்டத்தோடு பயணம் போய்க்கொண்டிருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' திருத்தூது ஊக்கவுரையில் இதைத்தான் பெற்றோருக்கு நினைவூட்டினார். பிள்ளையின் உடல் எங்கே இருக்கிறது என்பதைவிட, அவன் உள்ளம் எங்கே இருக்கிறது என்பதே பெரிய கேள்வி என்றார்.

நம் வீடுகளில் கைபேசி பிள்ளைகள் கைக்கு எப்படி வந்தது? 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. பாடம் கைபேசிக்கு வந்தது. வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கத்துத் தறிக்காரர் வீடுகளில் வேலை குறைந்த நேரத்திலும் கடன் வாங்கியாவது ஒரு கைபேசி வாங்கினார்கள். பள்ளி திறந்தது. ஆனால் கைபேசி அப்பாவின் சட்டைப்பைக்குத் திரும்பி வரவில்லை. எந்த முடிவும் எடுக்காமலேயே பல வீடுகளில் அது பிள்ளையுடையது ஆகிவிட்டது.

"எந்த வயதில் கொடுக்கலாம், சாமி?" என்று பலர் கேட்கிறார்கள். எண்கள் பல இருக்கின்றன. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் நிறுவனங்கள் 13 வயது என்கின்றன. ஆஸ்திரேலிய அரசு 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 18 வயது ஆகாதவர் பெயரில் சிம் கார்டே தரமாட்டார்கள். ஆகவே உங்கள் பிள்ளை கையில் இருக்கும் எண் உங்கள் எண். அவனிடம் நம்பி ஒப்படைத்த பொருள் அது. கணக்குக் கேட்கும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு.

இந்த எண்கள் வேலிகள். வேலி தேவைதான். ஆனால் உங்கள் பிள்ளை ஆயத்தமாக இருக்கிறானா என்று எந்த வேலியும் சொல்லாது.

திருச்சபைக்கும் இப்படி ஒரு கேள்வி எழுந்தது. புதுநன்மை எந்த வயதில்? பல இடங்களில் 12, 14 வயது வரை பிள்ளைகளைக் காத்திருக்க வைத்தார்கள். 1910-இல் புனித பத்தாம் பத்திநாதர் ஆட்சிக்காலத்தில் ஆணை வந்தது. பகுத்தறியும் பருவம், அதாவது ஏறக்குறைய 7 வயது போதும். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைக்குத் தெரிகிறதா என்பதே முக்கியம். அதைப் பார்த்து ஆயத்தம் செய்யும் பொறுப்பைத் திருச்சபைச் சட்டம் முதலில் பெற்றோரிடம் தருகிறது, பிறகுதான் பங்குத்தந்தையிடம். நற்கருணை வரம், கைபேசி வெறும் கருவி. இரண்டையும் நான் சமமாக்கவில்லை. ஆனால் பிள்ளையின் ஆயத்தத்தைப் பார்க்கும் முறையை இங்கே கற்றுக்கொள்ளலாம்: வயதை மட்டும் எண்ணாதீர்கள், பிள்ளைக்கு வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள்.

எதைப் பார்ப்பது? நான்கு கேள்விகள் சொல்கிறேன்.

ஒன்று, எதற்காகக் கொடுக்கிறோம்? ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு, பிள்ளை காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறிவிட்டான் என்று தெரிய வேண்டும். நியாயமான தேவை. அதற்குப் பட்டன் போன் போதும்.

இரண்டு, சிறியதில் நம்பிக்கைக்கு உரியவனா? அம்மாவின் கைபேசியை அரை மணி நேரம் வாங்கினால், சொன்ன நேரத்தில் சண்டை இல்லாமல் திருப்பித் தருகிறானா?

மூன்று, தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வேறுபாடு அறிவானா? முகம் தெரியாத ஒருவர் படம் கேட்டால், ஓடிபி எண் கேட்டால், கொடுக்கக் கூடாது என்று தெரியுமா?

நான்காவதுதான் முக்கியம். தவறு நடந்தால் உங்களிடம் வந்து சொல்வானா? படத்தை வைத்து மிரட்டுகிறவர்களின் பலமே, "வீட்டில் சொன்னால் அடிப்பார்கள்" என்ற பிள்ளையின் பயம்தான். இந்தக் கேள்விக்குப் பதில் பிள்ளையிடம் மட்டும் இல்லை, நம்மிடமும் இருக்கிறது. ஒரு மகளுக்கு யாரோ தவறான செய்தி அனுப்பினால், அவள் கைபேசியைப் பிடுங்கி, படிப்பையும் நிறுத்துகிற வீடுகள் உண்டு. தவறு செய்தவன் எங்கோ இருக்க, தண்டனை அவளுக்கு. அதைப் பார்த்த தங்கை நாளைக்கு வாய் திறப்பாளா? "எது நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், நான் உன் பக்கம் நிற்பேன்" என்று சொல்லி, அப்படியே நடக்க முடிந்த பெற்றோரே கைபேசி கொடுக்க ஆயத்தமானவர்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, இணைய மோசடிக்கு 1930 என்ற எண்களையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

மரியாவைப் பாருங்கள். மூன்று நாள் கலங்கித் தேடியவர், மகனைக் கண்டதும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். தங்கள் வேதனையையும் மறைக்காமல் சொன்னார். கிடைத்த பதில் அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டு, உள்ளத்தில் வைத்துக்கொண்டார். மகனும் அவர்களோடு நாசரேத்துக்குப் போய்ப் பணிந்து நடந்தார். தேடிப் போகும் பெற்றோரும், பதில் சொல்லும் பிள்ளையும் இருந்த வீடு அது.

கொடுப்பதையும் படிப்படியாகச் செய்யலாம். தறித்தொழில் கற்றவர்களுக்கு இது புதிதல்ல. முதலில் தார் சுற்றக் கற்றார்கள். பிறகு அறுந்த இழையைப் பிணைக்க. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய பிறகே ஜரிகைப் புடவையில் கை வைத்தார்கள். கைபேசியும் அப்படியே. முதலில் வீட்டுக்குப் பொதுவான கைபேசி, எல்லாரும் இருக்கும் இடத்தில். பிறகு குறித்த நேரம். தனிக் கைபேசி கடைசியில். இரவில் அது கூடத்திலேயே இருக்கட்டும். சாப்பாட்டு வேளையிலும் குடும்ப செபத்திலும் அப்பாவின் கைபேசியும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பிள்ளைகளே, 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14-ஆம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குதிஸ், 15 வயதில் இறந்த சிறுவன். கணினியில் கெட்டிக்காரர். நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி இணையதளம் அமைத்தார். வீடியோ விளையாட்டும் அவருக்குப் பிடிக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு வைத்துக்கொண்டார். கையில் எடுத்ததைத் தானாகவே கீழே வைக்கத் தெரிந்தால், அதுவே ஆயத்தம்.

ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் வளர்ந்த நாசரேத்து இயேசு நம் பிள்ளைகளைக் காப்பாராக. தேடிப் போகும் பொறுமையை மரியாவும் யோசேப்பும் நமக்குப் பெற்றுத் தருவார்களாக. ஆமென்.