மாட்டை யார் பார்ப்பது? சதுரங்கப்பட்டினத்தில் இரண்டு நாள்

மயிலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அது. ஒரு ஏக்கரில் மணிலா. மீதி நிலத்தில் சம்பா அறுத்த தாள் நிற்கிறது. கொட்டகையில் ஒரு கறவை மாடு, ஒரு சினை மாடு. கல்யாணம் ஆன பதினைந்து ஆண்டுகளில் கணவனும் மனைவியும் வெளியூரில் இரவு தங்கியது உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான் பேச்சை ஆரம்பித்தாள். ஐரோப்பியர் வருகையைப் பற்றிய பாடம் நடந்திருந்தது. "கல்பாக்கத்துக்கிட்ட டச்சுக்காரங்க கட்டின கோட்டை இருக்குதாம்பா. போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"மாட்ட யாரு பாக்கறது?" என்றார் அப்பா. பல வீடுகளில் பேச்சு இந்தக் கேள்வியோடு முடிந்துவிடும். இந்த வீட்டில் ஆயா விடவில்லை. "நாள் கணக்கு பாக்காத. எத்தன வேளை கறக்கணும்னு எண்ணிப் பாருடா" என்றார்.

எண்ணிப் பார்த்தார்கள். சனிக்கிழமை காலைப் பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டுக் கிளம்பலாம். ஞாயிறு இரவுக்குள் திரும்பிவிடலாம். இடையில் வருவது சனி மாலை, ஞாயிறு காலை, ஞாயிறு மாலை என மூன்று வேளைக் கறவைதான்.

கிளம்பும் முன் செய்தது

பக்கத்து வீட்டு அக்கா மூன்று வேளையும் கறக்க ஒப்புக்கொண்டார். நடவுக்கு மாற்றாள் போவது போல, அவர்கள் வெளியூர் போகும்போது இவர்கள் கறந்து கொடுப்பதாகப் பேச்சு. புதுக் கை பட்டால் மாடு பாலை அடக்கும் என்பதால், நான்கு நாள் முன்பிருந்தே அந்த அக்காவும் கறவை நேரத்தில் வந்து நின்றார். முதல் நாள் மாட்டைத் தடவிக் கொடுத்தார், இரண்டாம் நாள் மடி கழுவினார், மூன்றாம் நாள் கறந்தார். அடர்தீவனம், தவிடு, பசுந்தீவனம் எத்தனை என்பதைச் சீட்டில் எழுதிக் கொட்டகைத் தூணில் ஒட்டினார்கள். தீவனத்தை அந்த வாரத்தில் மாற்றவில்லை. கால்நடை மருத்துவமனைத் தொலைபேசி எண்ணும் அதே சீட்டில் இருந்தது. சினை மாடு ஈன இன்னும் இரண்டு மாதம் இருந்ததால் துணிந்து போக முடிந்தது. ஈன இரண்டு வாரமே இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

பயிருக்கும் கணக்கு இருந்தது. மணிலாவுக்கு 45-ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தாகிவிட்டது. விழுது மண்ணில் இறங்கும் அந்தக் கட்டத்தில் செடியைக் கிளறக் கூடாது; ஈரம் மட்டும் குறையக் கூடாது. வெள்ளிக்கிழமை தண்ணீர் பாய்ச்சினார்கள். சனி, ஞாயிறு வயலில் இறங்க வேண்டிய வேலையே இல்லை. சம்பா அறுவடைக்கும் மணிலா பறிப்புக்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி பல வீடுகளுக்குக் கிடைக்கிறது.

வழி

திண்டிவனம் வரை டவுன் பஸ். பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை. அங்கிருந்து மரக்காணம், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும் பஸ். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, கடப்பாக்கம் வழியாகப் போனால் பாலாற்றுப் பாலம் வரும். கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே வாயலூர்த் தடுப்பணை. நல்ல தண்ணீரைத் தேக்கவும், கடல் நீர் நிலத்தடியில் ஏறாமல் தடுக்கவும் கட்டியது. கிணற்றுத் தண்ணீர் உப்பாவதன் கஷ்டம் தெரிந்த குடும்பம் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தது. கல்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் சதுரங்கப்பட்டினம்.

கடலைப் பார்த்த கோட்டை

டச்சுக்காரர்கள் 1602-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியவர்கள். 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். அதே நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலும் கிடங்கு வைத்து வியாபாரம் செய்தார்கள். சட்ராஸ் என்பது அவர்கள் வாயில் இந்த ஊர்ப்பெயர் ஆன விதம். நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் என்று நம் கரை நெடுகிலும் அவர்களுக்கு இடம் இருந்தது.

செங்கல் கோட்டை. வாசலில் இரண்டு பீரங்கிகள். உள்ளே நுழைந்தால் நீண்ட கிடங்குகள், இடிந்த சுவர்கள், அதற்கு அப்பால் அலைச் சத்தம். இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்குத் தனிக் கதவு; பூட்டியிருந்தால் காவலரிடம் கேட்க வேண்டும். உள்ளே 17, 18-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். கனத்த கற்களில் குலச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் ஆழமாகச் செதுக்கியிருக்கின்றன. "இத்தன தூரம் வந்து இங்கயே செத்துப் போயிட்டாங்களா? பெத்தவங்களுக்குச் சேதி போக எத்தன மாசம் ஆயிருக்கும்?" என்று ஆயா அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

டச்சுக்காரர் இங்கே வந்தது துணிக்காக. சதுரங்கப்பட்டினத்து மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் அதிகம். சோழமண்டலக் கரைத் துணியைக் கப்பலேற்றி இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, பதிலுக்கு மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்கினார்கள். மலாய் நாட்டில் கைலிக்கு இன்றும் "பெலிக்காட்" என்று பெயர். பழவேற்காட்டின் பெயர்தான் அது.

துணியோடு அவர்கள் வாங்கிய இன்னொரு சரக்கு அவுரி நீலம். இதைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்தார். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. தழையை அறுத்துத் தொட்டியில் ஊற வைத்து, நொதித்த தண்ணீரை அடித்து, அடியில் படியும் நீலத்தைக் காய வைத்துக் கட்டியாக்குவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் அவுரிக்குப் பெயர் போன ஜில்லாக்களில் நம் பழைய தென்னாற்காடும் ஒன்று. 1897-ல் ஜெர்மனியிலிருந்து ரசாயன நீலம் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அவுரி விலை சரிந்து, பரப்பு சுருங்கியது.

கோட்டையின் கதையும் அதைப் போன்றதே. 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். டச்சுக்காரரிடம் திரும்பி, 1795-ல் மறுபடி பறிபோனது. 1824 உடன்படிக்கைப்படி அடுத்த ஆண்டு ஒரேயடியாகக் கைமாறியது. கப்பல் வருவது நின்றபின் கிடங்குக்கு வேலை இல்லை.

"ஒரே சரக்கு, ஒரே வியாபாரின்னு இருந்தா இப்படித்தான்" என்றார் அப்பா. இரண்டரை ஏக்கரையும் மணிலாவாகப் போடலாமா என்று அவர் போன வருடம் யோசித்தது மனைவிக்கு நினைவு வந்தது. "அதுக்குத்தான் மாடு" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

கோட்டைக்கு வெளியே கடற்கரை. பிள்ளைகள் கணுக்கால் நனைய நின்றார்கள். அதற்கு மேல் இறங்க விடவில்லை. இந்தக் கரையில் அலை உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் குளிக்கக் கூடாது.

இரவு மாமல்லபுரத்தில்

வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் மாமல்லபுரம். எளிய விடுதி ஒன்றில் ஒரே அறையில் ஐந்து பேரும் தங்கினார்கள். அன்றிரவு சமையல் இல்லை, பாத்திரம் இல்லை. மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்த மனைவி, "இந்நேரம் வரைக்கும் தூங்கினது எப்பன்னே ஞாபகம் இல்ல" என்றார்.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே சீட்டு. ஆளுக்கு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் அதிக நேரம் நின்றது கிருஷ்ண மண்டபத்தில். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலச் சிற்பம் அது. கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்க, அதன் அடியில் ஒருவர் பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. "கன்ன முன்னாடி உட்டாத்தான் நம்ம மாடும் பால் சொரக்கும்" என்றான் சின்னவன். மனைவி கைப்பேசியை எடுத்து ஊருக்குப் பேசினார். ராத்திரி கொஞ்சம் அடக்கியது, காலையில் ஒழுங்காகக் கொடுத்துவிட்டது என்று பதில் வந்தது.

திரும்பிய பிறகு

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வீடு. மூன்று வேளையில் குறைந்தது ஒரு லிட்டருக்கும் உள்ளேதான். செவ்வாய்க்கிழமை பால் பழைய அளவுக்கு வந்துவிட்டது. மணிலா வயலில் ஈரம் இருந்தது.

இப்போது மாலை வேளையில் மகள் பக்கத்து வீட்டுக் கொட்டகைக்குப் போய் அவர்கள் மாட்டுக்குத் தீவனம் வைத்துத் தடவிக் கொடுக்கிறாள். அடுத்த மாதம் அவர்கள் கிளம்புகிறார்கள். மாடு பழகிக்கொண்டிருக்கிறது.