தொலைவழியில் களையியல்

உழவியலில் முதுநிலைப் பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்க அமெரிக்காவில் வழி உண்டு. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1998 முதல் அத்தகைய படிப்பை நடத்திவருகிறது. இந்தியாவில் அந்தக் கதவு திறக்கவில்லை. மருத்துவம், பொறியியல் போலவே வேளாண்மையிலும் தொலைநிலையில் பட்டம் வழங்கப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. வாரம் முழுக்க பனியன் கம்பெனி, ஞாயிறன்று பல்லடத்திலோ காங்கயத்திலோ தோட்டம் என்றிருக்கும் திருப்பூர்க்காரருக்கு உழவியல் எம்.எஸ்சி. வேண்டுமென்றால், வேளாண் இளநிலைப் பட்டத்தோடு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்தில் நேரில் சேர்ந்து படித்தாக வேண்டும்.

செய்முறைதான் காரணம். ஆனால் உழவியலின் பிரிவான களையியலில் பாதியை மேசையிலேயே கற்றுவிடலாம். மக்காச்சோளத்துக்கு விதைத்த மூன்று நாளுக்குள் தெளிக்கும் பெண்டிமெத்தலின் 30 விழுக்காடு மருந்தை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு மூலப்பொருள் 1 கிலோ சேர வேண்டுமென்றால் மருந்து 3.3 லிட்டர், ஏக்கருக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர். இந்தக் கணக்குக்கு வகுப்பறை தேவையில்லை. அந்த மருந்து ஈரமில்லாத மண்ணில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு வயலில் நின்றாக வேண்டும்.

களைகளை எண்ணுவதும் அப்படித்தான். அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வயலில் ஆங்காங்கே போட்டு, உள்ளே கோரை எத்தனை, சாரணை எத்தனை, பார்த்தீனியம் எத்தனை என்று இனவாரியாக எண்ணி, சராசரியை நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான அடர்த்தி வரும். இரண்டிலை விட்ட நாற்றைப் பார்த்து இனம் சொல்லக் கண் பழக வேண்டும். படத்தில் பழகிய கண் வரப்பில் தடுமாறும். களையை அகற்றுவதும் வயலில்தான் புரியும். கோரையைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் தங்கித் திரும்பத் துளிர்க்கிறது. கோடை உழவில் கிழங்குகள் மேலே வந்து வெயிலில் காய்ந்தால்தான் கொஞ்சமாவது அடங்கும்.

களைச் சூழலியலுக்குத் திருப்பூர் மாவட்டமே நல்ல பாடநூல். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் காங்கயம் மாடுகளுக்குத் தீனியாக நிற்கின்றன. அதே புல் பயிருக்குள் வந்தால் களை. மேய்ச்சல் மிஞ்சிப் புல் மெலியும் இடத்தில் பார்த்தீனியம் நுழைகிறது. ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்ப்பதால், பூக்கும் முன் பிடுங்காவிட்டால் அடுத்த மழைக்கும் அதே வேலை காத்திருக்கும். புணே பக்கம் 1950-களில் கண்ணில் பட்ட இந்தச் செடியை அடக்க, 1984-ல் மெக்சிக்கோ வண்டு பெங்களூரில் விடப்பட்டது. வண்டு மழைக்காலத்தில் இலையைத் தின்றுவிட்டுக் கோடையில் மண்ணுக்குள் உறங்கப் போய்விடும். முழுத் தீர்வு அது அல்ல.

பட்டம் வேண்டாம், அறிவு போதும் என்பவர்களுக்கு வாய்ப்பு உண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககம் தமிழில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. பாடப் புத்தகம் கையில், நேர்முக வகுப்பு மாதத்துக்கு ஒருமுறை. உரக்கடை, மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஐதராபாத் மேனேஜ் நிறுவனம் 2003-ல் தொடங்கிய 'தேசி' பட்டயம் இருக்கிறது. வாரம் ஒரு நாள் வீதம் 48 வாரம். அதில் 40 வகுப்பு, 8 வயல் பயணம். எந்தக் களைக்கு எந்த மருந்து என்று விவசாயி முதலில் கேட்பது கடைக்காரரிடம்தான் என்பதால், முதுநிலைப் பட்டங்களைவிட இந்தப் பட்டயமே வயலுக்குக் கூடுதலாகப் பயன்படக்கூடியது.