பெயரால் மயங்கும் பாம்புகள்: மரக்காணம் உப்பளக் கரையை முன்வைத்து

தமிழில் 'விரியன்' என்னும் ஒரு சொல் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் ஆகிய மூன்றையும் சுட்டி நிற்கிறது. முன்னிரண்டும் ஓரினம். மூன்றாவதோ நல்ல பாம்பின் சுற்றம். நஞ்சின் போக்கும் அவ்வழியதே. இதனைச் சொல்லாராய்ச்சிக்குரிய செய்தி என்று மட்டும் கொள்ளலாகாது. 'விரியன் கடித்தால் வீங்கும்' என்னும் பொது எண்ணம், கட்டு விரியன் தீண்டியவரை வாளாவிருக்கச் செய்துவிடும்.

மரக்காணத்தின் ஒருபால் வங்கக் கடல்; மறுபால் பக்கிங்காம் கால்வாயும் உப்பளங்களும்; அருகே, 2024-இல் ராம்சர் தகுதி பெற்ற கழுவேலி. உப்புப் பாத்தி பாம்புக்கு உறைவிடமன்று. வரப்பிலுள்ள எலி வளையும், உப்புக் குவியலை மூடும் ஓலையுமே அதற்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்நிலம் நீரில் மூழ்கும்போது பாம்புகள் மேட்டையும் வீட்டையும் நாடும். ஓலையைக் கையால் புரட்டாது கோலால் புரட்டுவதும், விடியுமுன் வரப்பில் நடப்போர் விளக்கேந்திச் செல்வதும் இன்றியமையாதன.

கட்டு விரியன் மின்னும் கருநிறத்தது. உடலின் குறுக்கே மெல்லிய வெண்கோடுகள் வால்நோக்கித் தெளிவாகும். நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பிலோ அவை கழுத்தருகே தெளிந்து வால்நோக்கி மங்கும். (இவ்வேறுபாட்டை அருகிற்சென்று ஆராய வேண்டா.) இரவில் இயங்கும் இது, தரையில் உறங்குவோரைத் தீண்டும். வலி சிறிது, பல் தடம் தெரிவதும் அரிது. பின்னரே வயிற்றுவலி, இமைச்சரிவு, நாக்குழறல், மூச்சுத்தடை தோன்றும். ஆதலின் விடியலில் காரணமின்றி வயிற்றுவலியோடு எழுபவரைப் பாம்பு தீண்டியதோ என ஐயுறுவதே அறிவுடைமை. கட்டிலில் உறங்குவது நன்று. இயலாதார் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொள்ளலாம்.

கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலிபோல் நீள்வட்டங்கள் தொடரும், பெருஞ்சீற்றம் உடையது. தீண்டிய இடம் வீங்கும்; குருதி உறையாது. மருத்துவர் சிறிது குருதியைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பது இதனை அறியவே. சுருட்டை விரியன் சிறியது. செதில்களை உரசி அரம்போல் ஒலி எழுப்பும். பாவம், தீங்கற்ற மண்ணுளிப் பாம்பு விரியனெனக் கருதப்பட்டு அடிபட்டுச் சாகிறது.

இதே கடற்கரையின் வடபால், வடநெம்மேலியில், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, இம்மூன்று விரியன்கள் ஆகியவற்றின் நஞ்சை அங்கு எடுத்து, மருந்து செய்வோர்க்கு அளிக்கின்றனர். நான்கிற்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான். ஆகவே கடித்த பாம்பைத் தேடிப் பிடித்துக் கொணர்வது வீண்வேலை. கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் மூன்றும் தீங்கே. மோதிரம், வளையல்களைக் கழற்றி, எலும்பு முறிந்தாற்போலக் கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். மந்திரிப்பவரையோ ஓதிப் பார்ப்பவரையோ நாடி நேரம் போக்குதல் ஆகாது. மருத்துவம் தொடங்கியபின் ஓதுவதை எவரும் தடுக்கப் போவதில்லை. திண்டிவனமும் புதுச்சேரியும் மரக்காணத்திலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவிலிருப்பதை எண்ணினால் நேரத்தின் அருமை விளங்கும்.

வலையில் சிக்கும் கடற்பாம்பின் நிலை வேறு. துடுப்புப் போன்ற தட்டை வால் அதன் அடையாளம். மீனவர் வழங்கும் 'வலைக்கடியன்' என்னும் பெயர் அவ்வினத்தின் பழைய அறிவியற் பெயரிலேயே ஏறியிருந்தது! இதுவும் நல்ல பாம்பின் சுற்றமே; கடி வலிப்பதில்லை. பின்னர்த் தசைகள் நோகும், சிறுநீர் கருக்கும், மூச்சுத் தளரும். மேற்கூறிய மருந்து இதற்குப் பயன்படாது. ஆதலின் மீன்முள் குத்தியதெனக் கருதிவிடாது, செயற்கைச் சுவாசக் கருவியுள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டு செல்லல் வேண்டும்.