நீலச் சாயம் காட்டும் 'காவல்காரன்'!

மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் பிழைத்துக்கொண்டாள்.

ஆனால், சில மாதங்களில் அந்தப் பக்கத்துக் கை வீங்கத் தொடங்கியது! வளையல் ஏறவில்லை. குடத்தைத் தூக்க முடியவில்லை.

ஏன் இப்படி?

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டியிருக்கிறது" என்கிறோம் அல்லவா? அதே போன்ற நிணநீர் முடிச்சுகள் அக்குளிலும் உண்டு. மார்பிலும் கையிலும் ஊறும் நிணநீர் அவற்றின் வழியாகத்தான் வடியும். நோய் பரவியிருக்குமோ என்று அஞ்சி, முன்பெல்லாம் அவற்றை மொத்தமாக எடுத்தார்கள். வடிகால் போனால் நீர் தேங்கத்தானே செய்யும்? எல்லோருக்கும் இந்த வீக்கம் வருவதில்லை. வந்தவர்களுக்கோ பெரும் தொல்லை.

முதல் முடிச்சு

நோய் அக்குளுக்குப் பரவினால், பெரும்பாலும் முதலில் ஒன்றிரண்டு முடிச்சுகளில்தான் நுழையும். இவையே 'காவல் முடிச்சுகள்'. காவல்காரனிடம் நோய் இல்லையென்றால், மற்ற முடிச்சுகளை விட்டுவிடலாம்.

காவல்காரன் யார்? பார்வைக்கு எல்லா முடிச்சுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன!

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டாக்டர் ஜூலியானோவும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். 1994-ல் அதை வெளியிட்டார்கள். மார்பில் நீலச் சாயத்தை ஊசி மூலம் செலுத்த வேண்டும். சில நிமிடம் கழித்து அக்குளைத் திறந்தால், மெல்லிய நீலக் கோடு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போனால், நீலம் ஏறிய முடிச்சு அகப்படும். அதை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

அணுக்கதிர் மருந்தைச் செலுத்திக் கருவியால் தேடும் முறையும் உண்டு. ஆனால், அந்த மருந்தின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதற்கென்று தனிப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி வேண்டும். தனி நீலச் சாயங்களோ விலை அதிகம். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாக்கும்.

துணிச் சாயம்!

ஆகவே, டாக்டர்கள் மாற்றுச் சாயங்களைத் தேடினார்கள். அகப்பட்டது ஒரு பழைய சரக்கு: மெத்திலீன் நீலம். 1876-ல் ஜெர்மானியர் ஹென்ரிச் காரோ துணிக்குச் சாயமேற்ற உண்டாக்கியது. 1891-ல் பெர்லினில் மலேரியா நோயாளிகளுக்கும் இதைக் கொடுத்தார்கள். விலை மலிவு. ஒவ்வாமையும் குறைவு. ஏழை நாடுகளுக்கு இது வரப்பிரசாதம்தான்!

குறையே இல்லையா? உண்டு. தோலுக்குள் மேலாகப் போட்டால் புண்ணாகலாம். கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கிறார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கண் டாக்டர்கள் விழித்திரையைப் பார்க்கப் பயன்படுத்தும் மஞ்சள் மருந்தான புளோரசீனும் இதற்கு உதவுகிறது. நீல ஒளி பட்டால் முடிச்சு மின்னும்! இண்டோசயனின் பச்சை என்று இன்னொன்று. அதற்குத் தனிக் காமிரா தேவை.

அக்குள் முடிச்சில் நோய் இருப்பது ஊசிச் சோதனையில் முன்பே தெரிந்துவிட்டால், சிகிச்சை முறை மாறும்.

மெத்திலீன் நீலம் போட்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். வீட்டில் இருப்பவர்கள் பயந்துவிட வேண்டாம். சாயம்தான் வெளியேறுகிறது, சில நாளில் சரியாகிவிடும்.